கீழே எழுதச் சொன்னாய், எழுதினேன்

இர்பித்,
செவ்வாய்க்கிழமை

என் கண்ணின் ஒளியே ருபா,

இறைவனின் காவலில் நீயும் மருமகன் ஹாஸிமும் குழந்தை ஜூரியும் துபாயில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு நல்லதை மட்டும் சொல்வதுதானே நம் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம். இந்த ஒரு முறை அந்த வழக்கத்தை விட்டுவிடுகிறேன், நீ உட்கார்ந்து படி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ஆலிவ் பறிப்பு முடிந்த வாரம், காலையில் மாடிக்குப் புறாக்களைத் திறந்துவிடப் போனவர் படியிலேயே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது, பருப்பு சூப்பைக் கரண்டியால் ஊட்டினால் பாதி தாடியில் வழிகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ போனில் கேட்டபோது அப்பா தூங்குகிறார், மாடியில் இருக்கிறார் என்று நான் சொன்னதெல்லாம் பொய். அவர்தான் குர்ஆன் மேல் என் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். "அந்நிய ஊர்ல கிடக்குற புள்ள, சோறு இறங்காது அதுக்கு, உன் வாயால சொல்லிடாதடி" என்று அந்தக் குழறலிலும் இதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

வாயால்தானே சொல்லக் கூடாது, விரலால் சொல்லலாமே என்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜூரியை வைத்துப் பிள்ளை வளர்ப்பு பற்றி நீ போனில் போடும் வீடியோ ஒன்றில், உங்கள் பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு நெருக்கமா, கீழே எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். கோடையில் வந்தபோது நீயே பெருமையாகச் சொன்னாய், "ஒரு மணி நேரத்துக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் நானே பதில் போட்டுடுவேம்மா, அப்பத்தான் ஆளுங்க நம்மகிட்ட தங்குவாங்க" என்று. அது என் மனதில் இருந்தது. பக்கத்து வீட்டு நுஹாவை வைத்து எனக்கும் ஒரு கணக்கு திறந்தேன். நம் பக்கத்துப் பெண்கள் முகத்தையும் சொந்தப் பெயரையும் போடுவார்களா, ஒரு மல்லிகைப் பூப் படமும் உம்மு ருபா என்ற பெயரும் போட்டாள். ஊரே என்னை அப்படித்தானே கூப்பிடுகிறது, ருபாவின் அம்மா என்று. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். இர்பிதில் மாடியில் புறா வளர்க்கும் ஒரு தாத்தா விழுந்து கிடக்கிறார், மகளையும் பேத்தியையும் கேட்டுக் கண் கலங்குகிறார், வாயால் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன் என்று எழுதினேன். இதைப் படித்தால் உனக்குப் புரியாமல் போகுமா என்று போனை மடியில் வைத்துக் காத்திருந்தேன்.

சொன்னபடி ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம், "அன்புச் சகோதரி, மனதைத் தொட்ட பகிர்வு! இன்றே உங்கள் தோழிகளையும் நம் குடும்பத்தில் சேருங்கள்" என்று. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நுஹா எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் புள்ள வளர்க்கச் சொல்லிக் குடுக்குறா, பெத்தவளைத் தெரியலையா உன் மகளுக்கு" என்றாள். வாயை மூடடி, என் பிள்ளையைப் பற்றிப் பேசாதே என்று சண்டை போட்டேன். அவளை அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை நீயே பேச்சுவாக்கில் சொன்னாய், ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள், இப்போது பதிலெல்லாம் சம்பளத்துக்கு ஒரு பெண் போடுகிறாள், எனக்கு நிம்மதி என்று. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ படிக்கவே இல்லை என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று பார், தாய் புத்தி இப்படித்தான்.

ஆனால் மகளே, மற்றவர்கள் படித்தார்கள். பஸ்ராவிலிருந்து ஒருத்தி அப்பா குணமாக வேண்டித் துஆ எழுதினாள். ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரி ஒருத்தி, தன் தகப்பனுக்கும் இப்படித்தான் வந்தது, கையை வெதுவெதுப்பான எண்ணெய் போட்டு நீவிவிடு என்றாள், அப்படியே செய்கிறேன். தினமும் காலையில் யாராவது ஒருத்தி "அக்கா, அண்ணன் சாப்பிட்டாரா?" என்று கேட்கிறாள். எல்லாருக்கும் நானே பதில் போடுகிறேன், அதற்கே நேரம் போய்விடுகிறது. முகம் தெரியாத இவ்வளவு நல்ல மனுஷிகளை ஓரிடத்தில் சேர்த்தது என் மகள் என்று பெருமையாகவும் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் தெரிந்தது உனக்கு மட்டும் தெரியவில்லையே என்று வயிறு எரியவும் செய்கிறது.

அப்பா மதியம் தூங்கி எழுந்ததும் உன் வீடியோ வேண்டும். தலையணையில் சாய்த்துவைத்துக் காட்டுவேன். இடது கட்டைவிரலால் இதயத்தை அழுத்துவார், கை நடுங்கி இரண்டு முறை பட்டுவிடும், போட்ட இதயம் போய்விடும், மறுபடி அழுத்துவார். இந்தப் பிள்ளை சிரிப்பதற்கு முன்னால் அம்மா முகத்தைப் பார்த்துக்கொள்கிறதே என்று ஒருநாள் சைகையில் காட்டினார். நானும் அதைக் கவனித்திருக்கிறேன், ருபா. ஜூரியை அவள் பாட்டுக்கு இருக்கவும் கொஞ்சம் விடு. கோபித்துக்கொள்ளாதே.

நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, வெளியூர்ல புள்ளைங்க இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். நுஹாவின் மருமகன் வியாழக்கிழமை துபாய்க்குப் பறக்கிறான், உன் கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூரிக்குக் கம்பளிச் சட்டை எடுத்துவர மறக்காதே, இங்கே மழையும் குளிருமாக இருக்கிறது. ஹாஸிமுக்கு லீவு கிடைக்காவிட்டால் வற்புறுத்தாதே, நீங்கள் இரண்டு பேரும் வந்தால் போதும். அப்பாவிடம் நான் எழுதினேன் என்று சொல்லாதே, சும்மா பார்க்க வந்தோம் என்று சொல். இறைவன் உன் பயணத்தை லேசாக்கட்டும், உன் பிள்ளையின் ஆயுளை நீளமாக்கட்டும். போனைத் துபாயிலேயே வைத்துவிட்டு வா என்று ஒரு வரி எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன், மேலே பார், மை தெரியும். கொண்டு வா, மகளே. அவரை வீடியோ எடுக்க வேண்டுமானால் எடு, தாடியைத் துடைத்து நல்ல சட்டை போட்டு நானே உட்கார வைக்கிறேன். எப்படியாவது வந்துவிடு.

உன் அம்மா