ராஜா வேஷத்துக்கு யார் கையெழுத்து

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
9-10-1969

சிரஞ்சீவி உமாபதிக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் கிருபையால் ரூர்கேலாவில் உன் உடம்பு சுகமாக இருக்கட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். மனசளவில் நான் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. எப்போதும் அப்பா எழுதி முடித்து, இன்லண்டு லெட்டரின் மடிப்பில் மிஞ்சுகிற இரண்டு விரற்கடை இடத்தில்தான் நான் நாலு வரி எழுதுவேன். இந்தத் தடவை அந்த இடம் எனக்குப் போதாது, நோட்டிலிருந்து தாள் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா தறியில் இருக்கிறார், என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. கடைசிவரை படி, பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாதே.

ஆவணி பிறந்ததும் நான் எழுதிய நாலு வரி உனக்கு ஞாபகம் இருக்கும். நம் தெரு மாதர் சங்கத்தில் நவராத்திரிக்குப் பாட்டு நாடகம் போடுகிறார்கள், எல்லா வேஷமும் பெண்களே கட்டுகிறோம், எனக்கு ராஜா வேஷம், சிரிக்காதே என்று எழுதினேன். நீ சிரிப்பாய் என்றுதான் எழுதினேன், அதுதான் உண்மை. உன் தங்கைக்குக்கூட நான் எழுதவில்லை, உனக்குத்தான் முதலில் சொன்னேன். பெண்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் லோகாம்பாள் கோயிலில் வெள்ளிக்கிழமை நாங்கள் தேவாரம் பாடுவதைக் கேட்டுவிட்டு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். கதையும் பாட்டும் அந்த டீச்சரே எழுதியது. ஒரு ராஜா துணி வியாபாரி போல வேஷம் போட்டுக்கொண்டு ஊருக்குள் போய் ஜனங்கள் குறையைக் கேட்கிறான், அவ்வளவுதான் கதை. அதில் எனக்கு ஐந்து பாட்டு, நாற்பது இடத்தில் வசனம்.

தினம் மூன்று மணிக்குச் சங்கத்துக் கூடத்தில் ஒத்திகை. முதல் நாள் எனக்குக் குரலே வரவில்லை. கோயிலில் பத்துப் பேரோடு சேர்ந்து பாடுகிறபோது வருகிற சத்தம், தனியாக நின்றதும் எங்கே போனதென்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றேன், ராஜாவுக்கு முந்தானை ஏது என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிக் கொடுக்கும்போதெல்லாம் பாட்டை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன், அதில் ஒரு தொந்தரவு வந்தது. டீச்சர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, "நீலாம்பா, தறி அடிக்கற வேகத்துல பாடிக்கினு இருக்கியேம்மா, ராஜா எங்கியும் அவசரமா போகல" என்றார்கள். அந்த வேகத்தை மாற்ற எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. நடை வரவில்லை என்று உன் அப்பா தண்ணீர்ப் பந்தல் வரைக்கும் போய் வருவதைப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து நடந்தேன். கறுப்புப் பட்டுக் கழிவு நூலை நானே வாரி முடிந்து மீசை செய்தேன். மந்திரியாக வருகிற நர்ஸ் மரியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி டாக்டர் மீசை கெட்டது போ என்றாள். ஒரு நாள், மூன்றாவது பாட்டில் ராஜா ஜனங்களைப் பார்த்து "குறை சொல்ல வாருங்கள், கேட்கிறேன் நான்" என்று தணிந்து பாடுகிற இடம் வந்தது. நான் பாடி முடித்தேன். பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அப்படி ஒரு நாள் கிடைத்தது, உமாபதி. அதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு மறு புதன்கிழமை முழு வேஷத்தோடு ஒத்திகை. அப்பாவின் ஜரிகை வேட்டி, தலைப்பாகை, மீசை எல்லாம் போட்டுக்கொண்டு நடுவில் நிற்கிறேன். சங்கத்துக் காரியதரிசி ரேணுகாம்பாள் ஒரு கவரை எடுத்துக்கொண்டு வந்து, நிறுத்துங்க, ஒரு கடுதாசி வந்திருக்குது, எல்லாரும் கேட்டுக்குங்க என்றாள். ஏதோ வாழ்த்து என்று நினைத்தேன். உன் பெயரைச் சொன்னதும் எனக்கு முகமெல்லாம் சிரிப்பு, என் பிள்ளை எழுதியிருக்கிறான் என்று பக்கத்திலிருந்த மரியம்மாள் கையைப் பிடித்தேன். ரேணுகாம்பாள் படித்தாள். "என் தாயார் கல்வியறிவு இல்லாதவர், வெளியுலகம் அறியாதவர், யாரோ தூண்டிவிட்டதால் இதில் இறங்கியிருக்கிறார். எனக்குத் திருமணம் பேசிக்கொண்டிருக்கிற இந்தச் சமயத்தில் எங்கள் குடும்ப கௌரவத்தை முன்னிட்டு அவரை நாடகத்திலிருந்து நீக்கிவிடும்படி மகன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்." ஒரு வார்த்தை விடாமல் எனக்கு மனப்பாடம், ஐந்து பாட்டையும் மனப்பாடம் செய்தவள் அல்லவா நான். இருபத்தாறு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மீசையோடு நின்றுகொண்டிருந்தேன். பிறகு அதைப் பிய்த்தேன், பசை காய்ந்திருந்ததால் தோலும் சேர்ந்து வந்துவிட்டது, வாய்க்கு மேலே இன்னும் தழும்பு இருக்கிறது. புடவை மாற்றக்கூடத் தோன்றாமல் அந்த வேட்டியோடுதான் தெருவில் நடந்து வந்தேன். நீ காப்பாற்ற நினைத்த கௌரவம் அன்றைக்கு அப்படித்தான் தெருவில் போயிற்று.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். நீ எழுதுகிற கடுதாசியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறவள் நான், அவருக்குப் பொடி எழுத்துப் படிக்கக் கண் தெரியவில்லை என்று உனக்கு இதுவரை எழுதாததும் நான்தான், நீ கவலைப்படுவாய் என்று. உனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தது எந்த வாத்தியார் என்று யோசித்துப் பார். கோபத்தில் ஒருவரைத் திட்டுவது வேறு. நீ கோபப்படவில்லை, கடுதாசியைப் பிறகு நானும் வாங்கிப் பார்த்தேன். மேஜை முன்னால் உட்கார்ந்து, நல்ல பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல், யோசித்து யோசித்து எழுதியிருக்கிறாய். அதுவும் எனக்கு எழுதவில்லை. என்னைக் கேட்கக்கூட வேண்டாம் என்று, மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்லுவது போல வேறு யாருக்கோ எழுதியிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா என்று. தறியை நிறுத்தினார். "எனக்கும் எழுதினான்மா. எதிர்வீட்டுக்காரரை விட்டுப் படிக்கச் சொன்னேன். நான் பதில் போடல. நீ நல்லா பாடிக்கினு இருந்த, நடுவுல எதுக்குச் சொல்றதுன்னு பரண்மேல வெச்சிட்டேன்" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிகிறது, சங்கத்துக்குத் தெரிகிறது, யாரைப் பற்றிய கடுதாசியோ அவளுக்கு மட்டும் தெரியவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், நாடா தள்ளினேன், பேசவில்லை.

ராஜா வேஷத்தை ரேணுகாம்பாளே எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். ரேணுகாம்பாளுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லையாம். அதனால் அவள் வேஷம் போட்டு வாயசைக்கட்டும், நீ திரைக்குப் பின்னால் நின்று பாடு, உன் பிள்ளைக்கும் சங்கடம் இல்லை, நாடகமும் நடக்கும் என்றார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனால் உன் கடுதாசியைக் கேட்டபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. "டீச்சர், என் தொண்டை வேணும், என் மூஞ்சி வேணாமா? நான் இன்னா தப்பு பண்ணேன், திரைக்குப் பின்னால போய் நிக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். பெரியவர்களிடம் அப்படிப் பேசியதில்லை. டீச்சர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள், வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "நீ சொல்றது சரிம்மா, நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார்கள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு நானே கூடத்துக்குப் போனேன். என்னைப் பற்றி வந்த கடுதாசிக்கு என்னைத்தானே கேட்கணும், நான் உயிரோட இங்கேதானே இருக்கேன், கேளுங்க என்றேன். ரேணுகாம்பாள், எங்களுக்கு எதுக்கும்மா வம்பு, உங்க வீட்டு ஆம்பளை சம்மதம்னு கையெழுத்து போட்டுக் குடுக்கட்டும், வேஷத்தைக் குடுத்துடறோம் என்றாள். மரியம்மாள் எழுந்து, பிரசவத்துக்கு வர்ற பொம்பளைகிட்டகூட நான் வலிக்குதான்னுதான் கேப்பேன், புருஷன் கையெழுத்து கேக்கமாட்டேன் என்று சத்தம் போட்டாள். யார் போய்ச் சொன்னார்களோ, அதற்குள் உன் அப்பா வந்துவிட்டார். தறியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, துண்டைக்கூட மறந்து, நூல் ஒட்டிய கையோடு அந்தப் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் கூச்சத்தோடு நின்று, எங்கே போடணும், போடறேன் என்று பேனாவை வாங்கினார். எனக்கு அவர் மேலிருந்த கோபம் அந்த நிமிஷமே போயிற்று. ஆனாலும் பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். "நான் நீலாம்பாள். இந்த நாடகத்தில் ராஜாவாக நடிக்க எனக்குச் சம்மதம். எனக்காக வேறு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இல்லை, டீச்சர் பார்த்தார்கள். அதை ஒப்புக்கொண்டார்களா, வேறு ஆள் கிடைக்காமல் விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நாடகத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது, ஐந்து பாட்டும் தெரிந்தவள் நான் ஒருத்தி. வேஷம் திரும்பி வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைக்க மாட்டேன். ஆரணியிலிருந்து கலியாணசுந்தரம் சம்சாரத்தோடு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெண்ணைக் கொடுக்கிறவர்கள், பிறகு யார் வாய் மூலமாகவோ தெரிய வேண்டாம் என்று நானே நாடகத்தைச் சொல்லி, வெள்ளிக்கிழமை பதினேழாம் தேதி வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் சந்தோஷம் என்றார், அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை உன் ஜாதகம் தபாலில் திரும்பி வந்துவிட்டது, காரணம் எழுதவில்லை. நாடகம்தான் காரணமா, வேறா, எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது, அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன். ஆனால் நான் சொன்னது தவறு என்று இன்றுவரை தோன்றவில்லை. நீ என்மேல் கோபப்பட வேண்டுமானால் இதற்குக் கோபப்படு, இது நான் செய்தது. எனக்கே எழுது.

உன்னை நான் மன்னிக்காதது எதற்கு என்று சொல்கிறேன். வேஷம் வந்துவிட்டது, அந்தப் பாட்டு வரவில்லை. "கேட்கிறேன் நான்" என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் "கல்வியறிவு இல்லாதவர்" என்று ரேணுகாம்பாள் குரலில் உன் வார்த்தை காதில் விழுகிறது, தணிய வேண்டிய குரல் ஏறிவிடுகிறது. ராஜாவுக்கு இங்க கோபமில்லம்மா, ஜனங்க பயந்து ஓடிடுவாங்க என்கிறார்கள் டீச்சர். நேற்று எட்டுத் தடவை பாடினேன், எட்டுத் தடவையும் கோபமாகத்தான் வந்தது. எட்டு நாளில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். ஆகாவிட்டால் கோபக்கார ராஜாவாகவே நின்று பாடிவிட்டு வருவேன், திரைக்குப் பின்னால் போக மாட்டேன்.

நீ செய்ய வேண்டியது இது. எனக்கு மன்னிப்புக் கடுதாசி எழுதாதே, அதை நான் மடித்து வைத்துக்கொண்டு என்ன செய்வேன். மாதர் சங்கத்துக் காரியதரிசிக்கு எழுது. நீ எழுதியது பொய், உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், எது வேண்டும் எது வேண்டாம் என்றும் தெரியும், அவளைக் கேட்காமல் எழுதியது உன் தப்பு என்று எழுது. முன்னே எழுதின அதே நல்ல பேனாவில் எழுது. அது அந்தக் கூடத்தில், அந்த இருபத்தாறு பேருக்கு முன்னால், சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். நாடகம் முடிந்த பிறகு வந்தாலும் சரி, சங்கம் மாதாமாதம் கூடுகிறது.

மற்றபடி உன் தங்கைக்கு ஏழாம் மாதம், கால் வீங்குகிறதாம், உப்பைக் குறைக்கச் சொல்லி மரியம்மாள் சொன்னதை எழுதியிருக்கிறேன். இங்கே நாலு நாளாக மழை, பாவு நூல் காயாமல் தெருவில் எல்லோருக்கும் வேலை நின்றிருக்கிறது. அப்பாவைத் தீபாவளிக்கு முன் கண்ணாடி போட அழைத்துப்போகிறேன். நீ இரும்பு உலைக்குப் பக்கத்தில் வேலை செய்துவிட்டு வந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, போன வருஷம் வந்த நெஞ்சுச் சளி ஞாபகம் இருக்கட்டும். எண்ணெய் தேய்ப்பதை விடாதே. கோபமாக இருக்கிற அம்மா என்பதால் உனக்கு ஆசீர்வாதம் குறையாது, நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் உனக்கு உண்டாகட்டும், இரண்டாவதை அம்மனிடம் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா, உனக்குப் பிடித்ததெல்லாம் செய்து வைக்கிறேன். ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும் பெட்டியோடு நேரே டீச்சர் வீட்டுக்குப் போ. யாரோ தூண்டிவிட்டதால் என்று நீ எழுதியது அவர்களைத்தான், அங்கே பேசிவிட்டு நம் வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் அம்மா,
கை. நீலாம்பாள்