வள்ளியின் முதுகும் பல்லடம் ரங்கசாமியும்

20-10-66, வியாழன். காலையில் தூறல்.
நடந்ததெல்லாம் நான் முன்பே சொன்னதுதான். மூன்று மாதம் முன்பு தங்கச்சி ருக்குமணிக்கு வள்ளி பிறந்தபோது, குழந்தையின் முதுகடியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். அதிர்ஷ்டக் கட்டி என்றார்கள் எல்லோரும். ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்றவன் நான் ஒருவனே. (ஒரு மாதம் கழித்து. ஆனாலும் முதலில் நான்தான்.)

இன்று கோயம்புத்தூர் டாக்டர். அறையை இருட்டாக்கி, வீக்கத்தின் மேல் டார்ச் வைத்தார். தக்காளிக்குள் விளக்கு ஏற்றியதுபோல் சிவப்பு. தண்டெலும்பு ஓரிடத்தில் மூடவில்லையாம். அந்தச் சந்தில் சவ்வு பிதுங்கி நீர் கோத்திருக்கிறது. நரம்பு வெளியே வந்ததாகத் தெரியவில்லை. தோல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்குள் தைத்து மூட வேண்டும்.

"பனியன் துணியில ஒரு கண்ணி விட்டுப்போயி ஓட்டை விழற மாதிரிங்களா?" என்றேன், பனியன் கம்பெனிக்காரனாக. டாக்டர் அசந்துபோனார். பாதத்தைச் சுரண்டிப் பார்த்தார். வள்ளி விட்ட உதையில் அவர் கண்ணாடி பறந்தது. சரி, நழுவியது.

21-10. வெயில்.
ருக்கு கத்தி வேண்டாம் என்கிறாள்.

"இப்ப காலை நல்லா ஆட்டறா. கத்தி வெச்சு அதும் நின்னுபோச்சுன்னா? நீங்களா நடக்க வெப்பீங்க?"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான்: "பல்லடத்துல ரங்கசாமின்னு ஒருத்தரு கண்ணு. எங்க கம்பெனிக்கு நூல் கொண்டு வர்றவரு. பொறந்தப்ப இதே வீக்கம், இதே ஆபரேசன். இப்ப மூட்டையோட சைக்கிள் மிதிக்கறாரு."

"நெசமாலுங்களா?"

"தழும்பை நானே தொட்டுப் பாத்தனே."

அழுகை நின்றது. "அப்படின்னா சரிங்கண்ணா."

24-10. மேகமூட்டம்.
வாங்க: பஞ்சு, வெள்ளைத்துணி, சோப்பு, பொரி (எனக்கு).

குழந்தையைக் குப்புறத்தான் போட வேண்டும். வீக்கத்தில் துணி உரசக்கூடாது. யாருக்கும் தோன்றாத யோசனை: முதுகில் ஜன்னல் வைத்த பனியன். கம்பெனியிலேயே வெட்டினேன். ஓரம் அடிக்க மறந்தேன். அரை மணியில் கண்ணி ஓடி, ஜன்னல் வாசலானது.

"இதுல பதினெட்டு வருச சர்வீசுங்களா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

ருக்கு சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. வேண்டுமென்றே மறந்ததாக எழுதி வைக்கிறேன்.

27-10. ஆபரேசன்.
ஒன்பதுக்கு உள்ளே. டீ வாங்கியது நான்கு, குடித்தது ஒன்று.

"அந்த ரங்கசாமிக்கு எத்தனை நேரம் ஆச்சுங்கண்ணா?"

"ரெண்டு மணி நேரம்."

பதினொன்று. பதினொன்றரை. ருக்கு கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். நான் போய் நோட்டீஸ் போர்டை முழுதாகப் படித்தேன். இரண்டு தரம்.

பன்னிரண்டுக்கு டாக்டர். உள்ளே நரம்பு இல்லை, நீர்தான். மூடியாயிற்று. கால் எப்படி என்பது நாளை தெரியும்.

28-10.
நர்ஸம்மா பாதத்தைத் தொட்டார். ஐந்து விரலும் விரிந்தன. மறு காலிலும் ஐந்து. வராந்தாவில் நின்று மூக்கைச் சிந்தினேன். சளி.

7-11. நல்ல வெயில்.
தையல் பிரித்தாயிற்று. முதுகில் மூடிய நீர் மேலே சேர்ந்து தலை பெருக்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு தரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். திருப்பூர் பஸ்ஸில் வள்ளி என் தோளில் குப்புறப் படுத்து, வயிற்றை உதைத்துக்கொண்டே வந்தாள். நன்றாக உதைக்கட்டும்.

தையில் காதுகுத்து. என் மடியில். மோதிரம் போடுவேன் என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"மாமன் சீரு இருக்கட்டுங்கண்ணா. மொதல்ல அந்த ரங்கசாமி நம்மூட்டுக்கு வந்து சாப்பிடோணும். வேட்டி துண்டு எடுத்து வெச்சுட்டேன். வள்ளியைத் தூக்கி அவரு கையில குடுக்கோணும். எப்பக் கூட்டியாறீங்க?"

மாப்பிள்ளையும்: "நம்ம புள்ளைக்கு அவரு சாமி மாதிரிங்க மச்சான்."

ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் கம்பெனிக்கு நூல் வருவது லாரியில். ரங்கசாமி என்று யாரும் இல்லை.