முப்பது விநாடி உருவங்கள்

மார்ச் 4

புத்தகக் கடையில் மாஸ்டரின் புத்தகம். எட்டு வருஷம் என்னோடு ஓவிய வகுப்பு நடத்திய அதே மாஸ்டர் - பேசுவது அவன், வரைந்து காட்டுவது நான். நின்றபடியே புரட்டினேன். நிற்கிற மனுஷனை முப்பது விநாடியில் வரைவது எப்படி: எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று முதலில் பார், இடுப்பும் தோளும் சரிவதற்கு இரண்டு கோடு போடு, தலையைக் கடைசியில் வை. எல்லாம் என் நோட்டில் இருந்தது. "படிச்சுட்டுத் தரேன்" என்று அவன் வாங்கிப்போன நோட்டு. நன்றியுரையில்கூட என் பெயர் இல்லை.

மார்ச் 5

விடமாட்டேன்.

மார்ச் 9

பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும் என்கிறார் என் வீட்டுக்காரர். நோட்டே அவனிடம், எதை வைத்து நிரூபிப்பேன்? இன்று வரிவரியாகப் படித்தேன். பதினெட்டாம் பக்கம்: ஒரே தாளில் பல உருவங்கள் வரையும்போது வலது ஓரத்தில் ஆரம்பியுங்கள், கை பட்டுக் கரி கலையாது. அடப்பாவி! அது எனக்காக நான் எழுதிக்கொண்டது. நான் இடது கைக்காரி. வலது கைக்காரர் அப்படிச் செய்தால் வரைந்ததன் மேலேயே கை தேயும். ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதான். பதினாறாம் தேதி அவன் செயல்முறை வகுப்பு எடுக்கிறானாம். சீட்டு வாங்கிவிட்டேன்.

மார்ச் 16

கூடம் நிறைய ஆட்கள். மேடையில் ஒரு பெண் நின்றாள், குனிந்தாள், திரும்பினாள். ஒவ்வொன்றுக்கும் முப்பது விநாடி. புத்தகத்தில் உள்ளபடி எல்லாரையும் வலது ஓரத்தில் ஆரம்பிக்கச் சொன்னான். ஐந்தாவது உருவத்துக்குள் எல்லார் தாளிலும் கரிப்பூச்சு. பக்கத்திலிருந்த அம்மாள் கறுத்த கையைத் தூக்கிக் காட்டி, தனக்கு மட்டும்தான் இப்படியா என்றாள். பழகப் பழகச் சரியாகும் என்றான் அவன். நான் எழுந்தேன்.

"மாஸ்டர், வலது கைக்காரங்க எதுக்கு வலது ஓரத்துல ஆரம்பிக்கணும்?"

அவன் புத்தகத்தைப் புரட்டினான். மேடையேறி, இடது கையில் கரியை எடுத்து, வலது ஓரத்திலிருந்து ஆறு உருவம் போட்டேன். ஒரு தீற்றல் இல்லை. நோட்டு யாருடையது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். பதிப்பாளர் முதல் வரிசையில்தான் இருந்தார். எத்தனை நாளைக்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்!

மார்ச் 29

மறுபதிப்பு என் பெயரில் வருகிறது. காலையில் அவன் வாசலில் வந்து நின்றான். ஒரு மூலையிலாவது தன் பெயரும் இருக்கட்டும் என்றான். எட்டு வருஷப் பழக்கத்தை நினைவுபடுத்தினான். நான் உள்ளே கூப்பிடவில்லை.

"கொஞ்சம் அப்படியே நில்லுங்க."

யோசிக்கிறேன் என்று நினைத்திருப்பான். எடை முழுக்க வலது காலில், வலது தோள் சரிந்து, தலை தொங்கி. முப்பது விநாடிகூட ஆகவில்லை. அவ்வளவு நல்ல படம் நான் வரைந்ததே இல்லை.

அட்டைக்கு அதைத்தான் அனுப்பினேன்.