விரதப் பால்

செவ்வாய்க்கிழமை, இரவு

என் வீட்டுக்காரர் வயிற்றுக் கிருமிக்கான மாத்திரையைப் பாலோடுதான் விழுங்குகிறார் என்று இன்று குருண் டவுன் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பெண்ணிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் பதறிவிட்டாள்.

"அக்கா, பாலோட குடிச்சா இந்த மருந்து உடம்புல ஏறாது. சோறு சாப்பிட்டுட்டு தண்ணியில குடிக்கச் சொல்லுங்க. இந்தத் தடவையும் கிருமி சாகலன்னா அப்புறம் இதுக்கு அடங்காது."

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். தைப்பூசம் முடியும்வரை பகலில் பாலும் பழமும் மட்டும்தான் அவருக்கு. இந்த வயிற்றுவலி தீரத்தான் காவடி நேர்ந்திருக்கிறார்.

"ரெண்டு வாய் சோறு சாப்பிடுங்களேன். முருகன் கோவிச்சுக்க மாட்டாரு லா."

"நேர்ந்தாச்சு. விடு."

"அப்போ வெறும் தண்ணியிலயாவது குடிங்க."

எனக்காகப் பகல் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பால் குடு," என்றார்.

மருந்து வீணாகும் என்று தெரிந்தேதான் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்ததும் முகம் தெளிந்தது.

"பாத்தியா, முருகன் கைவிடல," என்று சிரித்தார்.

காலையிலும் பால் கேட்பார். அவர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கொடுக்காமல் இருப்பேன்.