ரமணியின் பன்னிரண்டு வோல்ட்

செவ்வாய்க்கிழமை, இரவு

விழிஞ்ஞத்தில் நிற்கும் எங்கள் பாய்மரப் படகுக்கு எத்தனை வோல்ட் பேட்டரி வேண்டும் என்று தீர்மானிக்க இன்று என் கொழுந்தன் ரமணி வந்தான். அவனுக்கு ஸ்கூட்டர் பேட்டரிகூட மாற்றத் தெரியாது.

"பன்னிரண்டு வோல்ட் தாராளம் மன்னி, கேட்டோ. கார் ஓடலையா? நாற்பத்தெட்டெல்லாம் வெறும் பந்தா."

படகிலுள்ள மின்அடுப்புக்குப் பன்னிரண்டில், நாற்பத்தெட்டைவிட நான்கு மடங்கு கரண்ட் ஓடும், வயர் தாங்காது என்றேன். சிரித்தான். சரியென்று, அவன் வாங்கிவந்த வயரிலேயே பன்னிரண்டு வோல்ட் பேட்டரியோடு இன்வெர்ட்டரை இணைத்து இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டேன். பால் சூடாவதற்குள் கருகிய நாற்றம். வயரைத் தொட்டவன் கையை உதறினான்.

"புது வயர்னா இப்படித்தான் மணக்கும்."

அணைத்துவிட்டு, நாற்பத்தெட்டுதான் என்று முடித்தேன். வீடு திரும்பியதும் யாரிடமோ போனில் சொல்கிறான்: "நாந்தான் அண்ணாகிட்ட நாற்பத்தெட்டு போடச் சொன்னேன்."

அந்த மண்ணாங்கட்டி போகட்டும். என் கணவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். வயர் கருகியபோதும் தம்பியின் முகத்தைத்தான் பார்த்தார். மழை விட்டதும் நாங்கள் இருவர் மட்டும் லட்சத்தீவுக்குப் புறப்படுகிறோம். நடுக்கடலில் ஏதாவது புகைந்தால் இவர் யாருக்குப் போன் செய்வார்?