பாலத்தில் நிற்கும் வண்டி

என் வீட்டு அதிகாரிக்கு,

சாப்பிட்டுவிட்டேன். குடையை மறந்ததற்கு வந்ததும் திட்டிக்கொள்.

மேட்டு ஸ்டேஷனில் இருக்கிறேன். இங்கிருந்து தண்டவாளம் ஆற்றுப்பாலம் வரை சரிவாக இறங்கி, அக்கரையில் அதே அளவு ஏறுகிறது. சரக்கு வண்டி வேகமாக இறங்கினால்தான் அந்த ஏற்றத்தில் ஏறும். ஆற்றில் வெள்ளம் என்பதால், பாலத்தில் மெதுவாகத்தான் போக வேண்டுமென்று இன்று உத்தரவு. காலையில் உன் தம்பி அப்படித்தான் ஓட்டிப்போனான். வண்டி ஏற முடியாமல் பாலத்திலேயே நின்றுவிட்டது.

"நீங்க எஞ்சினோட போய்ப் பின்னாலேருந்து தள்ளிவிடுங்க," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?"

"அதைப் போய்த்தான் சார் பாக்கணும்."

என் துணை ஓட்டுநரை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டேன். அவர் மனைவிக்கு நிறைமாதம். தள்ளுவதற்கு ஒரு ஆள் போதாதா என்ன? இந்தக் கடிதத்தை அவர்தான் கொண்டுவருவார். அவருக்குக் காப்பி கொடு, ஒன்றும் கேட்காதே.

உன் அம்மா விசாரித்தால், தம்பி வேலையில் இருக்கிறான் என்று சொல். பொய்யில்லையே.

எழுத உட்கார்ந்தபோது பள்ளத்திலிருந்து அவனுடைய ஹாரன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை.

சிக்னல் விழுந்துவிட்டது. கிளம்புகிறேன்.

உன்னிடம் திட்டு வாங்க வேண்டியவன்