விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் ஷூ கடித்தது. வலது சுண்டுவிரலில் கொப்புளம். யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் குட்டிக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் — எனக்குச் சின்னதானது தங்கைக்கு. அவளுடைய ஷூ முனையில் வாயைப் பிளந்துவிட்டது. "அக்கா, உன்னுது எப்ப எனக்கு வரும்?" என்று காலையில் கேட்டாள்.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு, போடி."

அப்பா தைத்த கடைசி ஜோடி இது. இனி ஒன்று வராது. எப்படிக் கழற்றுவேன்?

ஜூன் 5, வியாழன்

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலணித் தொழிலாளர் சங்கத்தில் அப்பாவின் படத்தைத் திறக்கிறார்களாம். செயலாளர் வீட்டுக்கே வந்து, "நீ நல்லா எழுதுவியாமே, அப்பாவப் பத்தி நாலு வார்த்தை பேசிடும்மா" என்றார்.

நாலு வார்த்தை! பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்தேன். 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்.' 'தொழிலை உயிராக நேசித்தவர்.' பொய் இல்லை. ஆனால் யாருடைய அப்பாவைப் பற்றியும் இதைப் படிக்கலாமே. என் அப்பா எங்கே இதில்?

பள்ளிக்கு வந்தால் என் மதிப்பெண்ணைக் கேட்கமாட்டார். வெளியே வந்ததும், "உங்க கணக்கு சாருக்கு ஷூ இறுக்கிப் பிடிக்குது. அதான் மனுஷன் எப்பப் பாத்தாலும் சிடுசிடுன்னு இருக்காரு" என்பார். அம்மா முதல்முதலாக அவர் கடைக்கு வந்தது வார் அறுந்த செருப்போடு. "முகத்த அப்புறந்தான் பாத்தேன்" என்று எங்கள் முன்னாலேயே சொல்வார். "பாத்தவரைக்கும் போதும், சாப்பிடுங்க" என்பாள் அம்மா. கடையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் மதியச் சாப்பாடு வீட்டில், அவளோடுதான்.

இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா? சிரித்துவிட்டால்?

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்வது சித்தப்பா. இன்று ஒரு பெட்டியோடு வந்தார். "என்ன புலவரே, மேடையேறப் போறீங்க, பழைய ஷூவோடயா?" புது ஜோடி! கறுப்பு, பளபளவென்று. எங்களுக்குத் தெரியாமல் தைத்திருக்கிறார்.

போட்டேன். அதே சுண்டுவிரலில் அதே கடி.

உடனே புரிந்துவிட்டது. கடையில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டை உண்டு — பாதம்போலச் செதுக்கிய மரம். அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்துத்தான் ஷூ தைப்பது. எனக்காக அப்பா ஒவ்வொரு வருடமும் புதுக் கட்டை செதுக்கமாட்டார். காலை அளந்து, எங்கே வளர்ந்திருக்கிறேனோ அங்கே கட்டையில் ஒரு தோல்துண்டை ஒட்டிச் சீவிவிடுவார். நான் வளர்ந்ததெல்லாம் அதில் அடுக்கடுக்காக இருக்கும். சித்தப்பா எதுவும் ஒட்டவில்லை. அப்பா வைத்துவிட்டுப் போன கட்டையில் அப்படியே தைத்துவிட்டார். போன வருடத்துக் காலுக்கு.

"எப்டி இருக்கு?"

"சரியா இருக்கு, சித்தப்பா."

அவர் முகத்தைப் பார்த்தபிறகு வேறென்ன சொல்ல? இப்போது என்னிடம் இரண்டு ஜோடி. இரண்டும் கடிக்கின்றன.

ஜூன் 9, திங்கள்

பேச்சு ஒரு வரி நகரவில்லை. படிக்க எடுத்துவந்த நூலகப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் நிற்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

மாட்டிக்கொண்டேன். துவைக்கப் போட்ட காலுறையில் ரத்தம். அம்மா என் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஏன்டி, இந்த வீட்ல பொறந்துட்டு இப்படியா நடப்பே?"

நான் ஏதேதோ உளறினேன். கழட்டினா அவ்ளோதானேம்மா... அப்புறம் அப்பா தெச்சது எதுவும் எங்கால்ல இருக்காதேம்மா...

பள்ளிக்கு மட்டம். அம்மா என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அப்பா இருந்தவரை ஷூவின் மேல்தோலைத் தைத்ததெல்லாம் அவள்தான். அதன்பிறகு இன்றுதான் அந்தப் படியேறினாள்.

"ஏன் தம்பி, கட்டையில எதுவும் ஒட்டலியா?"

சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. "அண்ணன் கை வெச்சது, அண்ணி. அதுல போயி நான் எப்படிக் கத்தி வெக்கறது?"

"அவரு வருஷா வருஷம் வெச்சாரே! இதென்ன சமாதியா, தொடாம வெச்சிருக்க? புள்ள வளருதில்ல?"

"நீங்களுந்தான் ஊசியத் தொடல."

வெளியே ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "காலை நீட்டு." நீட்டினேன். "இல்ல, இரு. சாயங்காலம்."

ஆமாம்! அப்பாவும் மாலையில்தான் அளப்பார். நாளெல்லாம் ஓடி வீங்கின காலுக்குத்தான் ஷூ சரியாக இருக்க வேண்டும் என்பார்.

மாலையில் அம்மா அளந்தாள். சித்தப்பா தோலைச் சீவினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பசை தடவி ஒட்டி, காயும்வரை அழுத்திப் பிடித்தது நான். அப்பா ஒட்டியதெல்லாம் பழுப்பு, இது கறுப்பு. தனியாகத் தெரிகிறது. தெரியட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

படம் திறந்தாயிற்று. எழுதிப்போன தாளை மடித்து வைத்துவிட்டு, கணக்கு சார் ஷூவைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்கள். செயலாளர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா மட்டும் எல்லோரும் சிரித்த இடத்தில் அழுதார். நான் விரலில் கட்டோடு, வெறும் செருப்பில் நின்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டு ஜோடியையும் குட்டியின் முன்னால் வைத்தேன். சித்தப்பா தைத்த புதுசை எடுப்பாள் என்றுதான் நினைத்தேன். "அப்பா தெச்சதுதான் வேணும்" என்றாள். முனையில் பஞ்சு திணித்துக் கொடுத்தேன். வீடு முழுக்கத் தட்தட்டென்று நடக்கிறாள்.

எனக்கும் ஒரு ஜோடி வந்துவிட்டது. மேல்தோல் அம்மாவின் தையல். கடிக்கவில்லை. விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது.

"பெருசா இருக்கேம்மா?"

"இருக்கட்டும். இப்படியேவா இருக்கப் போறே?"

குட்டி அதற்குள் குந்தி உட்கார்ந்து என் ஷூவைத் தடவிப் பார்த்தாள். "அக்கா, இது எப்ப எனக்கு வரும்?"

"சீக்கிரமே வந்துடும்டி" என்றேன்.